துபாய் விமானம் மூணேகாலுக்கு

மேனேஜர் பார்த்திபன் அந்தத் தாளை விஜயகுமாரியின் பக்கமாகத் திருப்பி வைத்து, அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்தார். தட்டச்சு செய்த ஆறு வரிகள். அவற்றுக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"படிக்கக்கூட வேணாம்மா. போட்டுட்டுப் போய்க்கினே இரு. சிங்கப்பூர்க்காரங்க கையில இன்னிக்கே கொடுக்கணும்னு ஓனர் சொல்லிட்டாரு."

விஜயகுமாரி நின்றபடியே படித்தாள். நான்காவது வரியில் கண் நின்றது. 'விமானம் இரண்டரை மணி நேரம் முன்கூட்டியே வந்துவிட்டதை என் கவனக்குறைவால் நான் அறியாமல் போனேன்.'

பேனாவை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"போட மாட்டேன் சார்."

மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கும் அந்த ரிசார்ட்டில் விஜயகுமாரி வண்டி ஓட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னை விமான நிலையத்துக்குப் போய் விருந்தினர்களை அழைத்து வருவதும், தங்கி முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. வீடு சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே, இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி. அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம். ஊரப்பாக்கத்திலும் வண்டலூரிலும் நெரிசல் இருந்தால் அதற்குமேல் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அவள் இதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. ஆனாலும் எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வானத்தில் எத்தனை மணி நேரம், இங்கே எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டால் போனை எடுக்காமலே சொல்வாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பைலட்டக்கா'. பெயர் வைத்தவன் ஸ்டான்லி. கோவளத்துக்காரன், வாய்க்குப் பூட்டே கிடையாது.

"பைலட்டக்கா, லண்டனுக்கு எத்தினி மணி நேரம்?"

"பத்தரை. நீ போறியா?"

"நான் எங்க போறது? முட்டுக்காடு தாண்டவே எனக்கு டீசல் பத்தல."

இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குக் கணவன் சின்னராசு வழியாக வந்தது. துபாயில் சாரம் கட்டும் வேலைக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவன் அங்கே இரவுச் சோற்றுக்கு உட்காரும்போது இங்கே அவள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அவனுடைய எட்டு மணி அவளுடைய ஒன்பதரை. முதல் வருடம் விரல் விட்டு எண்ணினாள். பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை. பசி எடுப்பதுபோல அந்த ஒன்றரை மணி நேரம் உடம்போடு சேர்ந்துவிட்டது. அவன் விடுமுறைக்கு வரும் விமானம் எங்கே பறக்கிறது என்று பார்க்கத்தான் முதன்முதலில் போனில் தேடினாள். துபாயிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். அப்படியே விரலை நகர்த்தியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கிழக்கே சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே தூரம், அதே நான்கு மணி நேரம். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒரே தூரத்தைப் பறந்து வந்தாலும், கடிகாரத்தைப் பார்த்தால் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் வந்ததுபோல இருக்கும், இன்னொருவருக்கு ஐந்தரை மணி நேரம் ஆனதுபோல இருக்கும். இதை அவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வண்டி ஓட்டுவதற்கு முன்பு அவள் ஒரு பிரேக் பாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே ஒரு நாள் இயந்திரம் ஒன்று பாதி ஷிப்டில் நின்றுபோனது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஃபைலுக்குத்தாம்மா, ஒரு கையெழுத்து" என்றார். 'என் கவனக்குறைவால்' என்று அதில் இருந்தது. மறுநாள் வேலைக்கு வர வேண்டுமே என்று போட்டுக் கொடுத்தாள். பதினோரு மாதம் கழித்து ஆள் குறைப்பு வந்தபோது அந்தத் தாள் ஃபைலிலிருந்து எழுந்து வந்தது. 'ஏற்கெனவே தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டவர்' என்று அவள் பெயரைத்தான் முதலில் அடித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அழவில்லை. அடுத்த வாரம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய் நின்றாள். சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பிடிக்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசினவர்களுக்குத்தான் பிறகு ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் அவள் வண்டி வேண்டியிருந்தது. அவளும் மறுக்காமல் போனாள்.

ஆக, அந்த நான்காவது வரியில் கண் நின்றதற்குக் காரணம் இருந்தது.

நடந்தது இதுதான். ரிசார்ட்டில் ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு டூட்டி சீட்டு எழுதுவார்கள். பெயர், ஊர், டிரைவர் விமான நிலைய வாசலில் நிற்க வேண்டிய நேரம். சீட்டில் உள்ள நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் நின்றால் போதும், அதற்குமேல் சீக்கிரம் போய்ப் பார்க்கிங்கில் கிடக்கக் கூடாது என்பது பார்த்திபன் போட்ட சட்டம். முன்பு சீட்டு எழுதிய வைஷாலி திருமணமாகிப் போன பிறகு, மூன்று வாரமாகத் தமிழ்வாணன் எழுதுகிறான். பி.காம். முடித்தவன், சுறுசுறுப்பானவன். விருந்தினர் நிரப்பி அனுப்பும் படிவத்தில் விமானம் புறப்படும் நேரம் மட்டும்தான் இருக்கும். வைஷாலி அதை நம்பாமல் விமான நிலையத்தின் வருகைப் பட்டியலை எடுத்துப் பார்த்து எழுதுவாள். தமிழ்வாணன் அதைவிடச் சுருக்கமான வழி கண்டுபிடித்தான். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் பார்ப்பான். புறப்படும் நேரத்தோடு கூட்டுவான். டெல்லி, மும்பை, பெங்களூரு என்று மூன்று வாரமும் அந்தக் கணக்கு பிசகவே இல்லை.

செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக வெளிநாட்டு விருந்தினர்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய வயதான அப்பாவும். காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. எட்டும் நாலும் பன்னிரண்டு. சீட்டில் பன்னிரண்டு என்று இருந்தது.

விஜயகுமாரி போனுக்கு வந்த சீட்டுப் படத்தைப் பார்த்ததும் காலை ஏழு மணிக்கே அவனைப் போனில் பிடித்தாள்.

"தம்பி, இது ஒன்பதரைக்கு வந்து நிக்குமே."

"அக்கா, நாலு மணி நேர ஃப்ளைட்டுக்கா. எட்டு மணிக்குக் கெளம்புனா ஒன்பதரைக்கு எப்படிக்கா வரும்? பறந்து வருமா?"

"ஃப்ளைட்டு பறந்துதான்பா வரும். அது அவங்க ஊரு எட்டு மணி."

"இல்லக்கா. ஃபார்ம் நம்ம இந்தியா சைட்டு. வெளிநாட்டு நேரத்த அதுவே நம்ம நேரமா மாத்திக்கும். நீங்க சீட்டுப்படி போங்க. போன மாசம் சீக்கிரம் போனதுக்கே சார் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களாமே."

வாங்கிக் கட்டிக்கொண்டது உண்மைதான். அதனால் வீட்டிலேயே இருந்தாள். சாவி கையில் இருந்தது, வண்டி வாசலில் இருந்தது, அவள் மட்டும் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பத்து மணிக்கு ரிசார்ட்டிலிருந்து போன் அலறியது. விருந்தினர்கள் வெளியே வந்து நிற்கிறார்களாம். அவள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது. பெரியவர் தள்ளுவண்டியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்து வெளிறியிருந்தது. விஜயகுமாரி முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மகளிடம், "தப்பாயிடுச்சும்மா, மன்னிச்சிக்கோங்க" என்று வாய் நிறையச் சொன்னாள். யார் தப்பு என்று அங்கே பேசவில்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் வழக்குப் பேசக் கூடாது.

அந்த மகள் ஓனருக்குப் புகார் எழுதினாள். ஓனர் பார்த்திபனைக் கேட்டார். பார்த்திபன் தமிழ்வாணனைக் கேட்டார். "ஃப்ளைட்டு ரெண்டரை மணி நேரம் முன்னாடியே வந்துடுச்சு சார், காத்து தள்ளியிருக்கும்" என்றான் அவன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று, ஆறு வரிக் கடிதம் விஜயகுமாரியிடம் வந்து நின்றது.

"இன்னாம்மா போட மாட்டேன்னா? ஏர்போர்ட் டூட்டி பாக்குறவ, ஃப்ளைட்டு எங்க வருதுன்னு பாக்க வேணாமா?"

"பாத்தேன் சார். பாத்து ஏழு மணிக்கே சொன்னேன். தம்பியக் கேளுங்க."

தமிழ்வாணன் கணினிக்குப் பின்னாலிருந்து, "சொன்னாங்க சார். ஆனா அவங்க கணக்கு..." என்று இழுத்தான்.

"சார், நான் ஒண்ணு கேக்குறேன். சிங்கப்பூர் எத்தினி கிலோமீட்டர்?"

"எவ்ளோ இருந்தா இன்னா?"

"ரெண்டாயிரத்தித் தொள்ளாயிரம். நாலு மணி நேரம் ஆவுற தூரம். அதுல ரெண்டரை மணி நேரம் முன்னாடி வந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அப்போ ஒன்றரை மணி நேரத்துல வந்துருக்கணும். மணிக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர். அது ஃப்ளைட்டா சார், ராக்கெட்டா? ராக்கெட்டுக்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்குல்ல டூட்டி போட்டிருக்கணும்?"

வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றிருந்த ஸ்டான்லி சிரித்துவிட்டான். பார்த்திபன் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"இத பாருங்க சார்," என்று அவள் போனை நீட்டினாள். பார்த்திபன் வாங்கவில்லை.

"அவன் போன்ல ஒண்ணு காட்டுது, உன் போன்ல ஒண்ணு காட்டுது. நான் எத நம்புறது? எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. உனுக்கு வேண்டியது டூட்டி. இன்னாத்துக்கு வம்பு?"

விஜயகுமாரி ஸ்டான்லியின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அதில் துபாய் என்று இருந்தது. புறப்பாடு ஒன்பதே முக்கால். நிற்க வேண்டிய நேரம் ஒன்றே முக்கால்.

"இதுவும் நீ போட்ட கணக்குதான தம்பி?"

"ஆமாக்கா. ஒன்பதே முக்கால் ப்ளஸ் நாலு."

"சார், போனெல்லாம் நம்ப வேணாம். ஃப்ளைட்டையே நம்புங்க. இந்தத் துபாய் ஃப்ளைட்டு ஒன்னே முக்காலுக்கு வந்துச்சுன்னா நான் இந்தத் தாள்ல போடுறேன். ஒண்ணுக்கு ரெண்டா போடுறேன். ஆனா அது மூணேகாலுக்குத்தான் வரும். இப்போதான் அங்க கெளம்பியிருக்கு. மூணேகால் வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்."

"ஒன்னே முக்காலுக்கு வரலன்னா?"

"வேற மாதிரி ஒரு லெட்டர் எழுதணும். அத அப்போ சொல்றேன்."

பார்த்திபன் நாற்காலியில் சாய்ந்து, "சரி, உன் ஆசையக் கெடுப்பானேன்?" என்றார். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை.

"டேய் ஸ்டான்லி, நீ ஒன்றரைக்கு மேல கெளம்புனா போதும்" என்றாள் விஜயகுமாரி.

"ஐயோ, ஆள விடுக்கா. சீட்டுல இன்னா போட்டுகீதோ அதான் எனக்கு வேதம். உன்கூட சேந்தா எனக்கும் ஒரு தாள் நீட்டுவாரு." அவன் பன்னிரண்டுக்கெல்லாம் கிளம்பிவிட்டான்.

அவள் வரவேற்பறையில் சுவரோரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு அப்பால் சவுக்கு மரங்கள், அதற்கு அப்பால் கடல். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். சின்னராசுவைக் கூப்பிட்டு அங்கே மணி என்ன என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருக்கலாம். ஆனால் சாட்சிக்குப் புருஷனைக் கூட்டி வந்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஒரு பயம் மட்டும் இருந்தது. கணக்கில் பயமில்லை. கணக்கு சரியாகவே வந்தாலும், நாளை முதல் சீட்டில் அவள் பெயர் வராமல் போகலாம். தொழிற்சாலையில் கையெழுத்துப் போட்டு வேலை போனது. இங்கே போடாமல் போகலாம். இரண்டில் எது மேல் என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை யோசித்தாள். இரண்டாவதுதான் மேல் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பயம் கொஞ்சம் அடங்கியது.

ஒரு மணிக்குக் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தாள். எலுமிச்சை சாதம். தமிழ்வாணனுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தாள்.

"வேணாக்கா" என்று கூச்சப்பட்டான்.

"உன்மேல எனக்கு இன்னா கோவம்? சாப்புடு."

ஒன்றே முக்கால் ஆனது. பார்த்திபன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஸ்டான்லியைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"கெஸ்ட் வந்தாச்சா?"

"எங்க சார்? ஒரு ஈ காக்கா வரல. பேர் பலகையத் தூக்கிப் புடிச்சிகினு நிக்கிறேன், கை வலிக்குது. இங்க ஒருத்தர் நானே துபாய்லேர்ந்து வந்தவன்னு நெனச்சிகினு டாக்ஸி வேணுமான்னு கேக்குறாரு."

"ஃப்ளைட்டு லேட்டு போல."

"அதான் சார் எனக்கும் புரியல. போர்டுல லேட்டுன்னு போடல. 'ஆன் டைம்'னு போட்டுகீது. மூணு பதினஞ்சு."

பார்த்திபன் ஸ்பீக்கரை அணைத்தார். தமிழ்வாணன் சாதத்தை மென்றுகொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான். விஜயகுமாரி சாப்பிட்டு முடித்திருந்தாள். டப்பாவை மூடி, பைக்குள் வைத்தாள்.

"போர்டுல தப்பாப் போட்டுருப்பான்," என்றார் பார்த்திபன். அவருக்கே அது ஒட்டவில்லை.

"அதான் சொன்னேனே சார். போர்டையும் நம்ப வேணாம். ஃப்ளைட்டு வரட்டும்."

தமிழ்வாணன் கணினியில் எதையோ தட்டினான். திரும்பத் தட்டினான். பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போட்டான். ஒன்றில் சிங்கப்பூர், ஒன்றில் துபாய். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்தது.

"சார்," என்றான் மெல்ல. "ஃபார்ம் எதையும் மாத்தல சார். அவங்க போட்டத அப்படியே காட்டுது. நான்தான்..."

"நீ சும்மா இரு" என்றார் பார்த்திபன்.

மூன்று மணிக்குக் கடற்காற்று எழுந்து சவுக்கு மரங்கள் இரையத் தொடங்கின. மூன்று ஏழுக்குப் பார்த்திபனின் போன் அடித்தது. அவர் இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் ஸ்டான்லியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"சார், எறங்கிட்டுது சார்! மூணு அஞ்சு! ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா நின்னு கால் வீங்கிப் போச்சு. பைலட்டக்கா அங்கதான கீது? அது சொன்னப்பவே கேட்டுருந்தா வூட்டுல போயி ஒரு தூக்கம் போட்டுருப்பேன்!"

பார்த்திபன் போனை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீ மூணேகால்னு சொன்ன. மூணு அஞ்சுக்கே வந்துடுச்சே" என்றார்.

"பத்து நிமிஷம் காத்து தள்ளும் சார். ரெண்டரை மணி நேரம் தள்ளாது."

அவர் சிரிக்க முயன்றார். ஆறு வரிக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "சரி, ஆச்சு. லெட்டர் வேணாம். ஓனர் கிட்ட நான் வாய்ல சொல்லிக்கிறேன். நீ கெளம்பு."

விஜயகுமாரி கிளம்பவில்லை. "வேற லெட்டர்னு சொன்னேனே சார்."

"அதான் கிழிச்சிட்டேனே!"

"அத நீங்க கிழிச்சீங்க. ஓனர் மனசுல இருக்குறத யாரு கிழிப்பா? விஜயகுமாரி கவனிக்கலன்னு நாலு நாளா அவரு நெனச்சிகினு இருக்காரு. நாளைக்கு வேற ஒண்ணுன்னா அது எழுந்து வரும். எனக்கு அது பழக்கம் சார். எழுதிக் கொடுங்க."

"உனுக்கு நான் எழுதிக் கொடுக்கணுமா?"

"எனக்கு வேணாம். ஓனருக்கு எழுதுங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

பார்த்திபன் முகம் கறுத்தது. ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தமிழ்வாணன் எழுந்து, அச்சடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மூன்றே வரி. விருந்தினர் காத்திருக்க நேர்ந்தது அலுவலகத்தில் வருகை நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதால். ஓட்டுநர் அன்று காலையே சரியான நேரத்தைச் சொல்லியிருந்தார். இனி வருகைப் பட்டியலைப் பார்த்தே சீட்டு எழுதப்படும். கீழே அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். பக்கத்தில் மேனேஜருக்கான இடம் காலியாக இருந்தது.

விஜயகுமாரி அதையும் நின்றபடியே, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'கவனக்குறைவு' என்ற சொல் அவன் பெயரோடும் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மேசையின் ஓரத்தில் கிடந்த பேனாவை எடுத்துப் பார்த்திபன் பக்கம் நகர்த்தினாள்.

"படிச்சிட்டே போடுங்க சார்."

அவர் படிக்காமலேதான் போட்டார். பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் போட்டார். அவள் அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குக் காலைல சிங்கப்பூர்க்காரங்க திரும்பிப் போறாங்க. அந்தப் பெரியவரு நீ ஓட்டுனாத்தான் வருவேன்றாராம். வருவல்ல?"

"ஃப்ளைட்டு எத்தினி மணிக்கு?"

பார்த்திபன் தமிழ்வாணனைப் பார்த்தார். தமிழ்வாணன் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, மறுபடி மூடி, கணினியில் விமான நிலையப் பட்டியலைத் தேடத் தொடங்கினான்.

"சரியாப் பாத்து எழுதிட்டுக் கூப்புடுங்க," என்றாள் விஜயகுமாரி. "வரேன்."